கருத்தரங்குக்கு விக்கிப் பக்கம்: தெரிந்தவர்கள் கை கொடுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. இங்கே சிங்கப்பூரில் முதுகலை படிக்கிறேன். துறைக் கருத்தரங்குப் பக்கங்களைப் பல்கலைக்கழக விக்கியில் ஏற்றுவது இந்தப் பருவத்திலிருந்து என் பொறுப்பு. விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருள்தான்.

ஏப்ரல் தமிழ்மொழி விழாவையொட்டி வரும் உரைகளுக்குத் தமிழிலேயே தலைப்பு வைத்துப் பக்கம் தொடங்கினேன். நீளமான தலைப்பை விக்கி ஏற்கவே இல்லை. வரம்பு 255 பைட். ஒரு தமிழ்க் குறிக்கு (கணினி தனியாக எண்ணும் எழுத்துத் துண்டு) 3 பைட் என்றால் 85 குறிதான் கொள்ளும். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் கணக்கு! முகவரியை நகலெடுத்தாலோ ஒவ்வொரு குறியும் 9 எழுத்தாக விரிகிறது. வாட்ஸ்அப்பில் பார்ப்பவர்கள் பயந்துவிடுகிறார்கள். பேச்சாளர் யோசித்து வைத்த தலைப்பை வெட்ட எனக்கு மனமில்லை. பக்கத்துக்குத் தேதியைப் பெயராக்கி, முழுத் தலைப்பை உள்ளே பெரிதாகப் போடலாமா? தேடும்போது அகப்படுமா?

இன்னொன்று. எல்லாக் கருத்தரங்குப் பக்கங்களும் எடுத்துக் காட்டும் பொது அச்சான வார்ப்புருவில் அறை எண்ணை மாற்றினேன். போன வருடப் பக்கங்களிலும் அறை மாறிவிட்டது. பழைய பதிப்பு வரலாற்றில் இருந்ததால் மீட்டேன். இனிமேல் 'சப்ஸ்ட்' (subst) கட்டளை போட்டு, வார்ப்புருவோடு தொடர்பில்லாத நகலாகப் பதிப்பது நல்லதா, இல்லை இன்புட்பாக்ஸ் நீட்சியில் (பெயரைத் தட்டிப் பொத்தானை அழுத்தினால் புதுப் பக்கம் தொடங்கும் வசதி) வெற்றுப் படிவம் தானாக வந்து நிற்கும்படி வைப்பதா? துறையில் எல்லாரும் விக்கிக்குப் புதியவர்கள், அவர்களுக்கு எது எளிது?

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் இங்கே இருப்பீர்கள். வெள்ளிக்கிழமை அறிவிப்பு போகவேண்டும். மாதிரிப் பக்கம் ஒன்று இருந்தால் அனுப்புங்கள், ரொம்ப நன்றி.