சென்னை–யாழ்ப்பாணம்: 17 மணி நேரமும் 7 மணி நேரமும்

சென்னையில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால், நான் இரண்டு பயணங்களைச் சொல்வேன். இரண்டும் அம்மாவோடு போனவை.

முதல் பயணம் 2018இல். அப்போது நேரடி விமானம் கிடையாது. மதியம் 12 மணிக்கு மடிப்பாக்கம் வீட்டைப் பூட்டினோம். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு வான்வழியில் சுமார் 640 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டோம். அப்புறம்தான் பாடு. கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து இரவு பஸ் பிடித்து, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். அம்மாவுக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பெரியம்மா வீட்டுப் படலையைத் திறக்கும்போது விடிகாலை 5 மணி. மொத்தம் 17 மணி நேரம்.

வரைபடத்தில் சென்னைக்கும் கட்டுநாயக்கவுக்கும் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணம் அநேகமாக அந்தக் கோட்டிலேயே கிடக்கும். ஊரைத் தாண்டித் தெற்கே போய் இறங்கி, இரவு முழுக்க வடக்கே திரும்பி வந்திருக்கிறோம். அது எனக்கு இன்றும் வலிக்கும். 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் விமானம் பறக்கத் தொடங்கியபோதே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் இருந்து யாழ்ப்பாணம் வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. இருந்த வழி இடையில் இல்லாமல் போனது.

யாழ்ப்பாணத்தின் பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. சில மாதச் சேவைக்குப் பிறகு கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. நாங்கள் 2023இல் போனோம்.

தூரம் சுமார் 355 கிலோமீட்டர்தான். விசிறி வைத்த ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் என்றால் முக்கால் மணி நேரம் போதுமே, டிக்கெட்டில் ஏன் ஒன்றேகால் மணிக்கு மேல் போட்டிருக்கிறது என்று நானும் குழம்பினேன். டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்தில் இருந்து நகர்ந்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து, மேலேறி, இறங்கி, மறுபடி நிற்கும் வரை எல்லாம் அதில் சேரும். குறுந்தூரத்தில் இதுவே பெரிய பங்கு. நல்லவேளை, இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான், அப்படியே கழித்துப் பார்க்கலாம். சிங்கப்பூர் என்றால் இரண்டரை மணி நேர வித்தியாசத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஏடிஆரில் இறக்கை சன்னலுக்கு மேலே இருக்கும், கீழே பார்ப்பதற்கு எதுவும் மறைக்காது. அம்மா பலாலிக்குப் பக்கத்து வசாவிளானில் பிறந்தவர், 1990இல் இடம்பெயர்ந்தவர். கடல் முடிந்து கரை தெரிந்ததும் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். அவர் விட்ட மூச்சு கண்ணாடியில் படிய, சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பனைகள், அப்புறம் தோட்டங்களின் சிவப்பு.

"பிள்ளை, செம்பாட்டு மண். எங்கட பக்கம்தான்."

என் கையை இறுகப் பிடித்திருந்தார், சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் விடவில்லை.

காலை 6 மணிக்கு வீட்டைப் பூட்டியவர்கள், மதியம் 1 மணிக்குச் சுன்னாகத்தில் நின்றோம். பெரியம்மா அப்போதுதான் சோறு வடித்துக்கொண்டிருந்தார். "என்ன, அதுக்குள்ள வந்திட்டியளே?" என்று அகப்பையோடு வாசலுக்கு ஓடி வந்தார்.

2025இல் திருச்சியில் இருந்தும் சேவை தொடங்கியிருக்கிறது. அங்கிருந்து தூரம் 200 கிலோமீட்டர்கூட வராது. அந்த வழியில் போனவர்கள் வீட்டு வாசலில் இருந்து வாசல் வரை எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதுங்கள். அடுத்த தடவை அம்மாவை அப்படிக் கூட்டிப் போக நினைத்திருக்கிறேன்.