பழைய பேப்பரில் ‘சீமை’ என்றால் எந்தச் சீமை?

பொரங்காட்டான், கோத்தகிரி:
தாத்தாவின் தகரப் பெட்டியைப் போன வாரம் துடைக்க எடுத்தேன். அடியில் ஒரு பழைய தமிழ்ப் பேப்பர் விரித்திருந்தது. மேல்பக்கம் கரையான் தின்றுவிட்டதால் பத்திரிகைப் பெயரும் இல்லை, வருஷமும் இல்லை. விலையெல்லாம் அணாவில். அந்த ஒரே தாளில் சீமைத் தபால், சீமைச் சரக்கு, சீமைக்குப் போய்ப் படித்தவர் என்று நாலைந்து இடத்தில் ‘சீமை’ வருகிறது. இங்கிலாந்தைத்தான் சொல்கிறார்கள், அது புரிகிறது. என் குழப்பம் வேறு. நாங்கள் நீலகிரி மலையின் படகர். எங்களுக்குச் சீமை என்றால் தொதநாடு, மேக்குநாடு, பொரங்காடு, குந்தை என்று நாலு. நாலும் இந்த மலைக்குள்ளேயே இருக்கின்றன.

தாத்தா ஒன்று சொல்லிச் சிரிப்பார். டீக்கடையில் ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படித்தாராம். ‘சீமைக்குப் போனார்’ என்று வந்ததும் மூலையில் இருந்த பெரியவர், “எந்தச் சீமைக்கு? குந்தைக்கா? அங்க இப்ப பனியாச்சே!” என்றாராம். பக்கத்துச் சீமை எப்படிக் கடல் தாண்டிப் போனது?

குன்னூர் தமிழம்மா:
தம்பி, அந்தப் பெரியவர் கேட்டதுதான் பழைய பொருள். வடமொழியில் சீமா என்றால் எல்லை. எல்லைக்குள் அடங்கிய நாட்டுக்கும் அதுவே பெயராயிற்று: சிவகங்கைச் சீமை, ராமநாதபுரம் சீமை, ஆந்திராவில் ராயலசீமா. தலையில் எடுக்கும் வகிடும் ஓர் எல்லைதான். சீமந்தம் என்ற சடங்கின் பெயர் அந்த வகிட்டிலிருந்து வந்தது. (வளைகாப்பன்று இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, பந்தியில்தான் கண்.)

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் சும்மா ‘சீமை’ என்றாலே அவன் ஊர் என்றாகிவிட்டது. இந்திக்காரர்களின் விலாயத்தும் இப்படித்தான். அரபியில் அது ஆட்சிப் பகுதி, மாகாணம். இங்கே வந்து இங்கிலாந்தாயிற்று. வெள்ளைச் சிப்பாய்கள் அதையே வாயில் போட்டுக் குதப்பி ‘பிளைட்டி’ என்று தங்கள் ஊருக்குப் பெயராக்கிக்கொண்டார்கள்!

பேப்பரைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சுதேசமித்திரன் பத்திரிகை தொடங்கியது 1882-ல். வங்கப் பிரிவினை 1905-ல், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906-ல். அந்நியச் சரக்கு வேண்டாம் என்று எழுந்த அந்தச் சூட்டுக்கு அப்புறம் சீமைத்துணி என்பது ஒருவருக்குக் கௌரவம், இன்னொருவருக்குக் கொளுத்த வேண்டிய மூட்டை. யார் எழுதியது என்று பார்க்காமல் பொருள் சொல்ல முடியாது.

சவ்சவ் பந்தல், தாண்டிக்குடி:
அம்மா சொன்னது சரி. ஆனால் சீமை என்று பெயர் வைத்ததெல்லாம் இங்கிலாந்துச் சரக்கு இல்லை. எங்கள் பந்தலில் தொங்கும் சவ்சவ்வுக்குச் சென்னைக்காரர் பெங்களூர் கத்தரிக்காய் என்பார். கன்னடக்காரர் சீமெ பதனெ, அதாவது சீமைக் கத்தரி என்பார். காய் என்னவோ மெக்சிகோ பக்கத்தது. சீமைக்கருவேலும் அமெரிக்கச் சரக்கு. சீமைப்பலா பசிபிக் தீவுக்காரன். சீமெண்ணெய், சீமைப்பசு, பள்ளிக்கூடத்துச் சீமைச்சுண்ணாம்பு... கப்பலேறி வந்ததா, போடு சீமை! அவ்வளவுதான் கணக்கு. இதில் வேடிக்கை, வெள்ளைக்காரன் நிஜமாகவே கொண்டுவந்து மலையில் போட்ட கேரட்டுக்கும் முட்டைக்கோஸுக்கும் சந்தையில் ‘இங்கிலீஷ் காய்’ என்றுதான் பேர்.

குன்னூர் தமிழம்மா:
சீமை ஓட்டை விட்டுவிட்டீர்களே! அது கப்பலிலும் வரவில்லை. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் சூளை போட்டுச் சுட்டது. சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ மிஷன் அது. நம் கேத்தியில்கூட அவர்கள் இருந்தார்கள். கையால் செய்த நாட்டு ஓட்டிலிருந்து பிரித்துச் சொல்ல ஒரு பேர் வேண்டியிருந்தது, சீமை ஒட்டிக்கொண்டது.

பொரங்காட்டான், கோத்தகிரி:
அம்மா, இதைப் படித்ததும் ஏணி போட்டு எங்கள் பழைய வீட்டுக் கூரையில் ஏறினேன். ஓர் ஓட்டை உருவிப் புரட்டினால் பாசி. தேங்காய் நாரால் தேய்த்தேன். ‘மங்களூர்’ என்று இங்கிலீஷில் அச்சு, எழுத்து முனை மழுங்காமல் அப்படியே இருக்கிறது. எழுபது வருஷமாகச் ‘சீமை ஓட்டு வீடு’ என்று பெருமை பேசிய எங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அதனால என்ன? மங்களூரும் ஒரு சீமைதான், முதல்ல இறங்கு” என்றார். அவசரத்தில் ஓட்டைச் சரியாகக் கொக்கி மாட்டாமல் வைத்திருக்கிறேன். ராத்திரி ஐப்பசி மழை, நேராகத் தகரப் பெட்டி மேல்! பேப்பரை இப்போது அடுப்புமேட்டில் காயவைத்திருக்கிறேன்.