ஈழகேசரி பொன்னையா: பத்திராதிபரா, அச்சக முதலாளியா?

வடலிக்காரன்: நேற்று இங்கே ஒரு மேதாவி எழுதியிருக்கிறார், "ஈழகேசரி நா. பொன்னையா வெறும் அச்சக முதலாளி, பத்திரிகையை நடத்தியது சோ. சிவபாதசுந்தரமும் இராஜ அரியரத்தினமும்தான்" என்று. வாசித்ததும் தேத்தண்ணி புரையேறிவிட்டது. 1930 இல் தொடங்கி 1951 இல் கண்ணை மூடும்வரை ஈழகேசரி என்ற வாரப் பத்திரிகையை யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் இருந்து இழுத்த மனிதர் வெறும் முதலாளியா?

ஈயெழுத்து: அந்த மேதாவி நான்தான் அண்ணை, பெயர் சொல்லியே ஏசலாம். பொன்னையா பெரிய மனிதர், சரி. பத்திராதிபர், அதாவது பத்திரிகை ஆசிரியர் என்றால் எழுத வேண்டும். அவர் எழுதிய தலையங்கம் ஒன்று காட்டுங்கள், ஒன்றே ஒன்று.

வடலிக்காரன்: தலையங்கம் வேண்டுமாம்! தமிழறிஞர் கணேசையரின் குறிப்புகளோடு தொல்காப்பியத்தைப் பதிப்பித்தது யார்? 1937 இல் எழுத்ததிகாரம், அடுத்த வருடம் சொல்லதிகாரம், பொருளதிகாரம் முடிய 1948 ஆகிவிட்டது, இடையில் ஒரு உலகப்போரே வந்து போனது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லதிகாரம் இருக்கிறது. மட்டை எப்போதோ போய்விட்டது, அப்பப்பா சாக்குநூலால் முதுகைத் தைத்து வைத்தார், உள்ளே "திருமகள் அழுத்தகம், சுன்னாகம்" என்ற எழுத்து இன்னும் பளிச்சென்று நிற்கிறது. காசுதான் குறி என்றால் கலியாணக் காட் அடித்துவிட்டு இருந்திருப்பார்.

ஈயெழுத்து: அது பதிப்பாளர் வேலை. நான் சொன்னதற்கே சான்று தருகிறீர்கள், நன்றி. தலையங்கம் எங்கே?

குரும்பசிட்டிப் பெடியன்: சுன்னாகம் சுன்னாகம் என்கிறீர்களே, அவர் எங்கள் குரும்பசிட்டி ஆள். 1990 இல் ஊரை விட்டு எழும்பி ஓடினோம், இப்போது ஊர்ப் பெயரையும் விடச் சொல்கிறீர்களா?

வடலிக்காரன்: தம்பி, அச்சகம் இருந்த இடத்தைச் சொன்னேன். பொறு, இவரை முடித்துவிட்டு வருகிறேன்.

நாலாம் குறுக்கு: ஈழகேசரி கிழமைக்கு ஒருக்கால் வந்தது. ஈழநாடுதான் நாளிதழ், 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நேரம் அதையும் எரித்தார்கள். அதைப் பற்றி ஒருவருக்கும் வாய் திறக்க முடியாது.

ஈயெழுத்து: நல்ல நேரத்தில் ஞாபகப்படுத்தினீர்கள். ஈழநாட்டை நிறுவிய கே. சி. தங்கராசாவை யாராவது ஆசிரியர் என்கிறீர்களா? பொன்னையாவுக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

வடலிக்காரன்: சட்டம் படிப்பிக்க வந்துவிட்டார். நாவலர் பற்றிய போன சண்டையிலும் இவர் இப்படித்தான், ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கி ஆளைக் களைக்க வைப்பார். பின்னாளில் பி.பி.சி.க்குப் போய்த் தமிழோசை என்று பெயர் வைத்த சிவபாதசுந்தரத்தைக் கூப்பிட்டு ஆசிரியர் கதிரையில் இருத்தியது யார்? இலங்கையர்கோன், சம்பந்தன், வைத்தியலிங்கம் கதைகளுக்கு இடம் கொடுத்த பத்திரிகை யாருடையது? யாரை எழுத வைப்பது என்று தெரிந்தவன்தான் ஆசிரியர், பேனை பிடிக்கிறவன் எல்லாம் இல்லை. ஊர் அவரை "ஈழகேசரிப் பொன்னையா" என்றுதான் கூப்பிட்டது, அச்சகப் பொன்னையா என்றில்லை.

ஈயெழுத்து: கடைக்காரரையும் கடைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தலையங்கம்?

குரும்பசிட்டிப் பெடியன்: இன்னும் குரும்பசிட்டி வரவில்லை.

வடலிக்காரன்: "நூலகம்" என்ற இணையத்தளத்தில் பழைய ஈழகேசரி இருக்கிறது. நாளைக்குத் தேடிப் படமாகவே போடுகிறேன், அன்றைக்கு நீ இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது.

ஈயெழுத்து: நாவலர் சண்டையிலும் "நாளைக்கு" என்றுதான் சொன்னீர்கள் அண்ணை.