போராட்டத்துக்கு எல்லைக்கோடு எங்கே? தீர்ப்புகள் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, ஒரு விவாதத்துக்குத் தயாராகிறேன். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966 பன்னாட்டு உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு, அடுத்தவர் உரிமையைக் காக்கத் தேவையென்றால் பேச்சுரிமையைச் சட்டப்படி கட்டுப்படுத்தலாம் என்கிறது. ஆனால் ஐ.நா. மனித உரிமைக் குழுவின் 37ஆவது பொதுக் கருத்துரை (2020), போக்குவரத்து தடைபட்டாலே அது வன்முறை ஆகிவிடாது என்கிறது. நியாயம்தான், யாருக்கும் தொந்தரவே தராத போராட்டத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

மறியலில் ஆம்புலன்ஸ் மாட்டினால் வழிவிட்டாக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மருத்துவமனை வாசலில் நோயாளியை மறித்து, முகத்துக்கு நேரே ஒலிபெருக்கியில் கத்தினால்? பேச்சைத் தடுக்காமல், இத்தனை அடி தள்ளி நில் என்று மட்டும் சொல்வது செல்லுமா? எந்த நாட்டுத் தீர்ப்பானாலும் சரி, பெயரும் ஆண்டும் கொடுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.