வன்னியில் களப்பணி: ஓய்வு நாளை எப்படி ஒதுக்குவது?

நீர்க்காகம் (கேள்வி):
வணக்கம். நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து, ஜனவரி முதல் வாரத்திலிருந்து இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியிலுள்ள பரந்தனில் தங்கி, இரணைமடுக் குளத்திலும் சுண்டிக்குளம் கடல்நீரேரியிலும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறேன். ஆறு வாரமாக ஒரு நாள்கூட ஓய்வெடுக்கவில்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்பிப் பத்து மணிவரை எண்ணுகிறேன். கானல் எழுந்து தொலைநோக்கியில் பறவைகளின் உருவம் நடுங்கத் தொடங்கியதும் அறைக்குத் திரும்பிப் பதிவுகளைக் கணினியில் ஏற்றுகிறேன். மூன்று மணிக்கு மறுபடி கிளம்பி இருட்டும்வரை நிற்கிறேன். உதவித்தொகை பெற்று அயல்நாட்டுக்கு வந்த பிறகு ஒரு காலைப்பொழுதை விடுவதே குற்றமாகத் தோன்றுவதால், தைப்பொங்கலன்றும் குளக்கட்டில்தான் நின்றேன். ஆனால் சென்ற வாரம், அசையாமல் நின்ற ஒரே ஊசிவால் வாத்துக் கூட்டத்தை இரண்டு முறை எண்ணியபோது நூற்றுக்கு மேல் வேறுபாடு வந்தது. வேலைக்கும் ஓய்வுக்கும் இடையில் எங்கே கோடு போடுவது?

பாலைமரம்:
பிள்ளை, நான் முல்லைத்தீவுப் பக்கத்தில் பதினான்கு ஆண்டுகளாக ஆய்வாளர்களுக்குக் கள உதவியாளராக இருக்கிறேன். உங்கள் கேள்வியில் ஒருவரைக் காணவில்லை. பொங்கலன்று உங்களை மோட்டார்சைக்கிளில் குளக்கட்டுக்கு ஏற்றிச் சென்றவர் யார்? அவர் வீட்டு முற்றத்திலும் அன்று பானை வைத்திருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் "இன்றைக்கும் போவோமா?" என்று கேட்டால் நாங்கள் மறுப்பதில்லை. நாட்கூலி ஒரு காரணம். நம்மை நம்பி வந்தவரின் வேலை கெடக்கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். இப்போது காலபோகம் என்னும் மழைக்கால நெல்லின் அறுவடைக் காலம். வெட்டும் இயந்திரம் எந்த நாளில் வரும் என்பது அவர் கையில் இல்லை, வந்த அன்று அவர் வயலில் நின்றாக வேண்டும். ஆகவே ஓய்வு நாளை நீங்கள் தனியாகத் தீர்மானிக்காமல், எந்த நாள் வேண்டுமென்று அவரிடமே கேளுங்கள். அந்த நாளை அட்டவணையில் எழுதுங்கள். அதற்கும் கூலி கொடுங்கள்.

அலைகரை:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆய்வின் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் அதே கரையில் நிற்பவை பெரும்பாலும் அதே பறவைகள்தான் என்பதால், நாள்தோறும் எண்ணுவது புதிதாக அதிகம் சொல்லிவிடாது. கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பிவிட்டுச் சுண்டிக்குளத்தில்தான் போய்க் கலக்கிறது. மழை ஓய்ந்து நீர் வற்ற வற்றச் சேற்றுக்கரை விரிவதும், பறவைகள் அதைத் தேடி இடம் மாறுவதும் வாரக் கணக்கில் நடப்பவை. களைத்த கண்ணோடு ஏழு நாள் எண்ணுவதைவிடத் தெளிந்த கண்ணோடு ஐந்து நாள் எண்ணுவது மேல். மதியத்தில் உறங்குங்கள், குறிப்பேட்டைப் படம் எடுத்து வைத்தால் அன்றைக்குப் போதும்.

ஓய்வு என்று தனியே காட்டுப்பாதையில் நடக்கப் போக வேண்டாம். போர் 2009இல் முடிந்தாலும் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதை மட்டும் நம்பிப் பழக்கமில்லாத பாதையில் இறங்கக்கூடாது. பொழுது சாய்ந்தால் யானைகளும் இறங்கும். மகா சிவராத்திரிக்கு மன்னார்ப் பக்கத்துச் சிவன் கோயிலான திருக்கேதீச்சரம் போய்வாருங்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். அன்று கோயில் தீர்த்தமான பாலாவியில் நீராடப் பெருங்கூட்டம் சேரும். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2010இல் சேர்க்கப்பட்ட வங்காலைச் சரணாலயமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் தொலைநோக்கியை எடுத்துச் செல்ல மனம் வரும். அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

நீர்க்காகம்:
பாலைமரம் ஐயாவுக்கும் அலைகரைக்கும் நன்றி. இன்று காலை என்னை ஏற்றிச் செல்லும் உதவியாளரிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை அவருடைய வயலுக்கு இயந்திரம் வருகிறதாம். என்னிடம் எப்படிச் சொல்வதென்று நான்கு நாட்களாகத் தயங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஓய்வு நாளாக ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டார், பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாள் என்பதால். அட்டவணையில் எழுதிவிட்டேன். செவ்வாயன்றும் கணக்கெடுப்பு இல்லை; வயலில் நிற்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது அவர் வீட்டு அக்காவுடன் நானும் போகிறேன்.