கச்சான் வீசும் மாதத்தில் டச்பேயில் ரொக் கச்சேரி

திருகோணமலையில் வெட்டவெளியில் பெரிய கச்சேரி வைக்கிறதென்றால் வருசத்தில் அதற்குக் கிடைக்கிற காலம் ஒன்றுதான். ஐப்பசி பிறந்தால் மழை. தை வரைக்கும் மேடை போடுவதை நினைத்தும் பார்க்க முடியாது. மே மாதத்தில் இருந்து செப்டெம்பர் வரை கடல் படிந்து கிடக்கும், நிலாவெளியிலும் உப்புவெளியிலும் ஆட்கள் நிறைந்திருப்பார்கள், கச்சேரி நடத்துகிறவர்களும் அந்த மாதங்களைத்தான் பிடிப்பார்கள். கச்சான் வீசுவதும் அதே மாதங்களில்தான். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, சூடேறி எங்கள் பக்கம் இறங்குகிறது. பகலில் 35 பாகை எங்களுக்குப் புதினமில்லை. வெளியூரில் இருந்து வருகிறவர்கள் "கடற்கரைதானே, காற்று வரும்" என்று நம்பி வருகிறார்கள். காற்று வரும்தான். ஆனால் அது கடலில் இருந்து வராது, தரையில் இருந்து வரும், போறணை வாயைத் திறந்த மாதிரி.

போன வருசம் ஆடி மாதம் டச்பே கடற்கரையில் நடந்த ரொக் கச்சேரிக்குத் தம்பியோடும் அவனுடைய சிநேகிதர்களோடும் போயிருந்தேன். சின்ன வயதில் மாமா வெளிநாட்டில் இருந்து அனுப்பிய கசெட்டுகளில் தொடங்கிய ஆசை எனக்கு. இப்படியான இசையை நேரில் கேட்கவேண்டும் என்றால் இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குத்தான் போகவேண்டும். ஒரு பெண்பிள்ளை தனியாக அப்படிப் போய்வருவது எங்கள் வீட்டில் லேசான காரியமும் இல்லை. வீட்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில், முழு ட்ரம்ஸ் செட்டோடு ஒரு குழு வந்து நிற்கப் போகிறது என்றால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டிக்கெட்டை மாதக்கணக்காக அலுமாரிக்குள் பத்திரமாக வைத்திருந்தேன்.

கச்சேரி நாலு மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். இரண்டு மணிக்கே வாசலைத் திறந்தார்கள். முன்வரிசை வேண்டும் என்றால் திறந்தவுடன் போகத்தான் வேண்டும், அதனால் இளம் பிள்ளைகள் எல்லாரும் உச்சி வெயிலிலேயே உள்ளே இருந்தார்கள். மேடை கடலுக்கு முதுகு காட்டி நின்றது. சனம் கிழக்கே பார்த்து நிற்க, வெயில் முழுக்கப் பிடரியில் விழுந்தது. பாதிப்பேர் கறுப்பு ரீசேட். ரொக் கேட்கப் போகிறவர்களுக்கு அது ஒரு சீருடை மாதிரி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வெயிலில் கறுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். செருப்போடு வந்தவர்கள் மணலில் நிற்க முடியாமல் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

வாசலில் தண்ணீர்ப் போத்தல்களை வாங்கி வைத்தார்கள். ஒழுங்கு அப்படியாம், வெளியில் இருந்து எதுவும் கொண்டுபோகக் கூடாதாம். பாதி குடித்ததும் குடிக்காததுமாகப் போத்தல்கள் வாசலோரம் குவிந்து கிடந்தன. உள்ளே ஒரேயொரு கடை. அதில் தண்ணீர் வெளி விலையைவிட மூன்று மடங்கு. வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு திரும்பினால் நின்ற இடம் போய்விடும். அதனால் பிள்ளைகள் வாங்கவில்லை. காசு ஒரு காரணம், இடம் ஒரு காரணம். மூன்றாவது காரணம் ஒன்று இருந்தது, அதைப் பற்றித்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எனக்குப் பக்கத்தில் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள் சிலர் நின்றார்கள். அவர்களில் ஒரு பிள்ளை, கண்ணாடி போட்ட மெலிந்த பிள்ளை, ஐந்து மணி போல என் தோளைப் பிடித்து, "அக்கா, காது அடைக்குது" என்றாள். மேடையில் அப்போது சத்தம் சரிபார்த்துக்கொண்டு இருந்தார்கள், ட்ரம்ஸை ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கிற நேரம். ஸ்பீக்கர் சத்தத்தில்தான் காது அடைக்கிறது என்று அவளுடைய சிநேகிதிகள் நினைத்து, தள்ளி நிற்கச் சொன்னார்கள். நான் பாமசியில் வேலை செய்கிறவள். மயக்கம் வருமுன் காது அடைக்கும், கண் இருட்டும் என்பது தெரியும். கையைப் பிடித்துப் பார்த்தேன். அந்த வெயிலிலும் உள்ளங்கை குளிர்ந்து பிசுபிசுத்தது. உதட்டில் இரத்தமே இல்லை. மேலுதட்டு ஓரத்தில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

"தங்கச்சி, கடைசியா எப்ப தண்ணி குடிச்சனீங்க?"

"காலமை, அக்கா."

"ஏன் பிறகு குடிக்கேல்ல?"

"குடிச்சா பாத்றூம் போகவேணும். அங்க போக ஏலாது அக்கா."

அவள் காட்டிய பக்கத்தைப் பார்த்தேன். அவ்வளவு சனத்துக்கும் தகரத்தால் அடைத்த சில கழிவறைகள், ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து. கொண்டி உடைந்த கதவை ஒருத்தி வெளியில் நின்று பிடிக்க, மற்றவள் உள்ளே போகவேண்டும். சுற்றிவர ஆண்கள். எந்தத் தாய் தன் பிள்ளையை அங்கே அனுப்புவாள்? அதனால் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் காலையிலேயே பேசி முடிவெடுத்து வந்திருக்கிறார்கள், ஒரு சொட்டும் குடிப்பதில்லை என்று. அன்று மயங்கி விழுந்தவர்களில் நான் கண்ணால் கண்ட அத்தனை பேரும் பெண்பிள்ளைகள். "பொம்பிளைப் பிள்ளைகளுக்கு உடம்பில பலமில்ல" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். பலம் இல்லாமல் விழவில்லை, ஐயா. கதவுக்குக் கொண்டி இல்லாததால் விழுந்தார்கள்.

தம்பியும் சிநேகிதர்களும் கைகோத்து வழி எடுத்துக் கொடுக்க, அவளைப் பின்னால் கொண்டுவந்தோம். முதலுதவிக் கூடாரம் முன்னால், மேடைக்கு அந்தப் பக்கத்தில். அவ்வளவு தூரம் அந்த நெரிசலுக்குள்ளால் போக முடியாது. நடுவில் மிக்ஸர் வைத்திருந்த கூடாரம் மட்டும்தான் நிழல். அங்கே இருந்த சவுண்ட் அண்ணன் கொழும்பில் இருந்து வந்த சிங்களவர். எங்களைக் கண்டதும் "எண்ட நங்கி, எண்ட" (வாங்க தங்கச்சி, வாங்க) என்று கயிற்றைத் தூக்கிவிட்டார். மிக்ஸர் சூடாகாமல் இருக்க அதற்கு முன்னால் ஒரு பெரிய மின்விசிறி வைத்திருந்தார். அதை அப்படியே அந்தப் பிள்ளையின் பக்கம் திருப்பினார். அவருடைய உதவியாள் பதறிப்போய் ஏதோ சொல்ல, அவர் கையை மட்டும் அசைத்தார். அதன்பிறகு ஒரு அட்டைத் துண்டை எடுத்துத் தன் கையாலேயே மிக்ஸருக்கு விசிறிக்கொண்டு இருந்தார். அந்த மனுசனை நான் மறக்கமாட்டேன்.

என் கைப்பையில் ஜீவனிப் பக்கெட் எப்போதும் இருக்கும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பும் குளுக்கோசும் கலந்த தூள். ஒரு பக்கெட்டுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் வேண்டும், எங்கள் கையில் தண்ணீர் இல்லை. தம்பி ஓடிப்போய்ப் பின்பக்கத் தகர வேலியின் இடைவெளியால் வெளியே பார்த்திருக்கிறான். வேலிக்கு அந்தப் பக்கம் கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு நானா சர்பத் வண்டியோடு நின்றிருக்கிறார். விசயத்தைக் கேட்டதும் சர்பத்துக்கு வைத்திருந்த தண்ணீர்க் கானில் இருந்தே ஊற்றி, வேலியின் மேலால் நீட்டினாராம். காசை எடுத்தால், "காசு பிறகு பாப்பம் தம்பி, முதல்ல அந்தப் புள்ளைக்குக் குடுங்க" என்றிருக்கிறார்.

படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, நெற்றியிலும் கழுத்திலும் நனைத்த லேஞ்சியைப் போட்டு, கரைத்த ஜீவனியை மிடறு மிடறாகக் கொடுத்தோம். வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பதைவிட இது நல்லது. வியர்வையோடு போனது தண்ணீர் மட்டும் இல்லை, உப்பும்தான். குடல் உப்பை உள்ளே இழுக்க அதில் இருக்கிற குளுக்கோஸ் துணை செய்யும், உப்போடு தண்ணீரும் போகும். அரை மணித்தியாலத்தில் முகம் தெளிந்துவிட்டது. பேச்சு குழறினால், ஆள் நிலை தடுமாறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் இப்படி வைத்துப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடம்புச் சூடு 40 பாகையைத் தாண்டினால் அது வெப்பத்தாக்கு, உயிர் போகிற விசயம். உடனே 1990க்கு அடிக்கவேண்டும். அம்புலன்ஸ் வரும் வரைக்கும் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும்.

கச்சானில் ஒரு பொல்லாத தன்மை இருக்கிறது. காற்று வறண்டது என்பதால் வியர்வை வந்த கையோடு காய்ந்துவிடும். சேட் நனையாது. "எனக்கு வியர்க்கவே இல்லையே" என்று நினைத்துக்கொண்டு மணிக்கணக்காகத் தண்ணீரை இழந்துகொண்டு நிற்போம். கொழும்பில் சேட் ஒட்டிப்பிடித்து நம்மை எச்சரிக்கும். இங்கே அந்த எச்சரிக்கை கிடையாது.

கச்சேரியையும் சொல்லவேண்டும், அதற்குத்தானே போனோம். ஆறரைக்குச் சூரியன் ஊர்ப்பக்கக் கூரைகளுக்குப் பின்னால் இறங்கிய பிறகுதான் உண்மையில் தொடங்கியது. முதல் பாட்டுகளில் பின்னால் நின்றவர்களுக்குச் சத்தம் சரியாக எட்டவில்லை, விட்டுவிட்டுக் கேட்டது. காற்று எங்கள் முதுகுப் பக்கம் இருந்து மேடையை நோக்கி அடித்ததால் சத்தம் எங்கள் தலைக்கு மேலால் எழும்பிப் போய்விட்டது. சவுண்ட் அண்ணன் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கிற்றார்க்காரருக்கும் பாடு. சூட்டில் கம்பி நீண்டு சுருதி இறங்கிவிடும், ஒவ்வொரு பாட்டு முடியவும் திரும்பி நின்று முறுக்கிக்கொண்டு இருந்தார். பிறகு கச்சான் அடங்கியது. கடல் பக்கம் இருந்து மெல்லிய காற்றொன்று புறப்பட்டது. ஒரே பாட்டின் நடுவில் சத்தம் முழுசாக வந்து நெஞ்சில் இடித்தது. பேஸ் கிற்றாரின் அதிர்வு மணலுக்குள்ளால் உள்ளங்காலுக்கு ஏறியது. முழுச் சனமும் ஒன்றாகக் கத்தியது. அந்தப் பிள்ளை அப்போது கூடாரத்துக் கம்பத்தில் சாய்ந்து இருந்தபடி ஒவ்வொரு வரியையும் கூடப் பாடிக்கொண்டிருந்தாள். இதைக் கேட்கத்தானே காலையில் இருந்து தொண்டை காய்ந்து நின்றாள்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குறை இல்லை. 1999 ஜூலையில் அமெரிக்காவில் ரோம் என்ற ஊரில் ஒரு பழைய விமானப்படைத் தளத்தில் வுட்ஸ்டொக் விழா நடத்தினார்கள். 38 பாகை வெயில், நிழலே இல்லாத தார்த்தரை, ஒரு போத்தல் தண்ணீர் 4 டொலர், நிரம்பி வழிந்த கழிவறைகள். அந்த விழா தீ வைப்பிலும் கலவரத்திலும் முடிந்தது. 2023 நவம்பரில் பிரேசிலின் ரியோ நகரில் டெய்லர் ஸ்விஃப்டின் கச்சேரி. காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் உடம்பு உணர்ந்த சூடு 60 பாகைக்குக் கிட்ட. தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோக விடவில்லை. ஒரு இளம்பெண் உயிரை விட்டாள். அடுத்த நாளே அரசாங்கம் தண்ணீரை உள்ளே விடச் சொல்லி உத்தரவு போட்டது. ஒரு உயிர் போன பிறகு.

எங்களுக்கு இதை யாரும் வெளியில் இருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. இதே வெயிலில்தான் கதிர்காமப் பாதயாத்திரை எங்கள் ஊருக்குள்ளால் போகிறது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி கோயிலில் இருந்து நடந்து வருகிறவர்களுக்கு வீட்டு வாசலில் மோரும் தண்ணீரும் வைக்காத தெரு உண்டா? கோணேசர் நகர்வலம் வந்தால் மூலைக்கு மூலை தண்ணீர்ப் பந்தல். வெசாக்குக்குத் தன்சல், வருகிறவர்களுக்கெல்லாம் காசில்லாமல் சாப்பாடும் குடிக்கவும் கொடுக்கிற பந்தல். அங்கேயெல்லாம் தண்ணீர் குடிக்கிறவரிடம் காசு கேட்பதை நினைத்துப் பார்க்கவே கூசும். ரொக் கச்சேரிக்கு வருகிறதும் எங்கள் பிள்ளைகள்தான். மாநகர சபையிடம் ஒரு பவுசர் தண்ணீர் கேட்டு நிறுத்தி, பக்கத்தில் ஒரு தறப்பாளைக் கட்டினால் அதுவே பந்தல். பிளாஸ்டிக் கப் வேண்டாம், அவரவர் வெறும் போத்தலைக் கொண்டுவந்து நிரப்பட்டும். அன்று இரவு கச்சேரி முடிந்து சனம் கலைய, கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து அந்தக் கப்புகளையும் பொலித்தீனையும் முகர்ந்து மென்றுகொண்டு நின்றன. பார்க்கச் சகிக்கவில்லை.

ஆனால் தண்ணீர்ப் பந்தல் மட்டும் போதாது. கழிவறை இல்லாத இடத்தில் எவ்வளவு தண்ணீர் வைத்தாலும் பெண்பிள்ளைகள் குடிக்கமாட்டார்கள். பெண்களுக்கென்று தனிப் பக்கம், உள்ளே கொண்டி, வெளிச்சம், வாளியில் தண்ணீர், வாசலில் ஒரு பெண் பொறுப்பாளர். மேடை விளக்குக்குச் செலவழிக்கிற காசில் இது ஒரு மூலைக்கும் வராது. வாசலையும் ஐந்து மணிக்குத் திறந்தால் போதும். ஆறரைக்கு முன் எப்படியும் பாட்டு தொடங்கப் போவதில்லை.

இந்த வருசமும் ஆடியில் ஒன்று வரும் என்று பேச்சு அடிபடுகிறது. கட்டாயம் போவேன், அந்த வளாகத்துப் பிள்ளையும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வருகிறவர்கள் சப்பாத்துப் போட்டு வாருங்கள், தொப்பி வையுங்கள், ஜீவனி இரண்டு பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாளே நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். டிக்கெட் வாங்குகிறபோது, யார் பாடுகிறார்கள் என்று கேட்ட கையோடு பெண்களுக்குக் கழிவறை எத்தனை, தண்ணீர் எங்கே என்றும் கேளுங்கள். ஆண்பிள்ளைகளும் கேட்கவேண்டும். நாங்கள் மட்டும் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.