மறு: மறு: ஸ்வாப் ஃபைலுக்குத் தமிழ்ல என்ன போடலாம்? (காலைல அச்சுக்குப் போகணும்)

வணக்கம். பாலிடெக்னிக் பசங்களுக்கு விம்ங்கற டெக்ஸ்ட் எடிட்டருக்குக் கையேடு எழுதிட்டிருக்கேன். ஒரே ஃபைல ரெண்டு டெர்மினல்ல திறந்துடறாங்க, ஈ325ன்னு எச்சரிக்கை வந்ததும் படிக்காமலே 'எடிட் எனிவே'க்கு ஈ அடிச்சிடறாங்க, அப்புறம் ரெண்டு பக்கமும் சேவ் பண்ணி ஒண்ணோட வேலை இன்னொண்ணுல அழிஞ்சு போகுது. ஒரு ஃபைல திறந்ததும் விம் தானா ஒரு ஸ்வாப் ஃபைல உண்டாக்கி வைக்குது, அது ஏற்கனவே இருந்தாத்தான் இந்த எச்சரிக்கை வருது. இத விளக்கணும்னா அந்த ஸ்வாப் ஃபைலுக்கு ஒரு பேர் வேணும். 'பரிமாற்றக் கோப்பு'ன்னு போட்டேன், ஃபைல் அனுப்புறதான்னு கேக்கறான்.

---

> பரிமாற்றக் கோப்பு

வேணாம் சார். அது என்ன வேலை பாக்குதுன்னு பாருங்க: யார் திறந்திருக்காங்க, எந்த மெஷின், ப்ராசஸ் (ஓடிட்டிருக்கிற ப்ரோக்ராம்) எண் என்ன, எல்லாத்தையும் எழுதி வச்சுக்குது. பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிக்கிறோமே, அதேதான். 'துண்டுக் கோப்பு'ன்னு வைங்க, எந்தப் பையனும் மறக்க மாட்டான். துணி, துண்டு, துண்டம் எல்லாம் வெட்டுறதுங்கிற ஒரே வேர்ல வந்தது, அதனால

---

தம்பி, வேரை அப்புறம் தோண்டலாம். துண்டு சீட்டுக்குக் காவல், சரி. ஆனா இது சேவ் பண்ணாத எழுத்தையும் வச்சிருக்கே? 200 எழுத்து அடிச்சாலோ 4 செகண்ட் கை ஓய்ஞ்சாலோ அதுல எழுதிடும், கரண்ட் போனா அதுலேர்ந்துதான் ரெகவர். கூடவே வர்றதால 'நிழற்கோப்பு'.

---

எங்கட பக்கம் துண்டு எண்டா கடுதாசித் துண்டுதான், நீங்கள் சொல்லுறது துவாய். யாழ்ப்பாணத்துப் பிள்ளையளுக்குத் துண்டுக் கோப்பு எண்டா கிழிஞ்ச ஃபைல் எண்டுதான் விளங்கும்.

---

நிழற்கோப்புன்னா ஃபோட்டோ ஃபைல்னு நினைப்பாங்க, நிழற்படம் இருக்கே. அந்த ற் வேற எதுக்கு? பசங்க நிழல் கோப்புன்னுதான் தேடுவாங்க.

---

ற் எதுக்கா? லகரம் வல்லினத்துக்கு முன்னாடி திரியும்யா, நன்னூல் படிச்சதில்லையா?

---

ஐயா, அது வேற்றுமைப் புணர்ச்சிக்கு. இது 'நிழல் போன்ற கோப்பு', உவமைத்தொகை, அல்வழி. அங்க திரியலாம், திரியாமலும் இருக்கலாம், அதையும் நன்னூல்தான் சொல்லுது.

---

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், ஈமேக்ஸ்ங்கற இன்னொரு எடிட்டர்ல இந்தத் தொல்லையே இல்ல. அதுல இருக்கறது வெறும் பூட்டு, 'பூட்டுக் கோப்பு'ன்னா முடிஞ்சுது. பூட்டைப் பிடுங்கிக்கவா, அப்படியே தொடரவா, விட்டுடவான்னு நேராவே கேட்டுடும்.

---

ஈமேக்ஸ்காரங்க இன்னும் வரலையேன்னு பாத்தேன்.

---

சார், பேர் எதுவா வேணா இருக்கட்டும், பசங்களுக்கு இத எழுதுங்க: அந்த ப்ராசஸ் இன்னும் ஓடுதுன்னு எச்சரிக்கைலயே காட்டினா க்யூ அடிச்சு வெளிய வந்து, திறந்து கிடக்கிற டெர்மினலுக்கே போகணும். ஓடலன்னா ரெகவர் பண்ணி, சரியா இருக்கான்னு பாத்து சேவ் பண்ணிட்டு, அப்புறம்தான் பழைய ஸ்வாப் ஃபைல அழிக்கணும். அழிக்கலன்னா அடுத்த தடவையும் அதே எச்சரிக்கை வந்து நிக்கும்.

---

எல்லாருக்கும் நன்றி, மேல இருக்கற பத்திய அப்படியே சேத்துட்டேன். மணி ஒண்ணரை ஆச்சு. நிழல் கோப்புக்கு நாலு பேர், துண்டுக்கு ரெண்டு பேர், அதனால 'நிழல் கோப்பு (ஸ்வாப் ஃபைல்)'னு போட்டு அனுப்பிட்டேன். ரெகவருக்கு 'மீட்டெடு'ன்னு வச்சிருக்கேன்.

---

ற் இல்லாம அனுப்பிட்டீங்க, சரி. ஆனா 'மீட்டெடு' எதுக்கு? 'மீள்' தன்வினை, அதுக்குப் பிறவினை 'மீட்' இருக்கும்போது பின்னாடி 'எடு' ஏன் தொங்கணும்? தனி இழைல எழுதறேன்.